தீனிக் கணக்கு

மாட்டுக்குப் போடுவது தட்டு.
ஆட்டுக்கு ஒடிப்பது தழை.
எருமைத் தாழியில் கலக்குவது தவிடும் புண்ணாக்கும்.
அந்தக் கலவைக்குத் தனியாகப் பேர் வைக்க
யாருக்கும் நேரமில்லை.
கோழி தானே சீய்த்துத் தேடிக்கொள்வது இரை.
தூண்டிலில் கோத்தாலும் இரைதான்,
அது வேறு கதை.

பொங்கலூர்ச் சாலையோரம் எங்கள் கொட்டகையில்
நாலாயிரத்து இருநூறு குஞ்சு இறங்கிய அன்று
இத்தனை சொல்லையும் ஓரங்கட்டிவிட்டு
ஒரே சொல் லாரியில் வந்தது.
ஃபீட்.

"ஃபீட் வண்டி வந்துச்சுங்களா?"
"ஃபீட் எத்தனை பேக் நிக்குதுங்க?"
கம்பெனி சூப்பர்வைசர் யுவராஜுக்கு
வேறு வாக்கியம் வராது.
முதல் மூட்டை ஸ்டார்ட்டர்.
கடைசி மூட்டை ஃபினிஷர்.
பேரிலேயே சொல்லிவிடுகிறார்கள்,
கோழிக்குத்தான் படிக்கத் தெரியாது.

மூட்டை இறக்க வந்த ஜார்க்கண்டுப் பையன் புத்வா
"தானா, தானா" என்றான்.
எதுவும் தானா வராதுப்பா என்றேன்.
அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்,
வேறு வேறு காரணத்துக்கு.
அவன் ஊரில் தீனிக்கு அதுதான் பேராம்.

தூணில் தொங்கும் அட்டையில் நாலு கட்டம்.
தேதி. ஃபீட். எடை. இறப்பு.
தின்றதை ஏறிய எடையால் வகுத்தால்
ஒன்றரைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்.
தாண்டினால் வளர்ப்புக்கூலியில் கைவைப்பார்கள்.
"ஃபீட் எங்கீங்க போச்சு?" என்பார் யுவராஜ்,
நான் தின்றுவிட்டதுபோல.

மனுசரைப் பார்த்துத் தீனி என்றால் ஏச்சு.
அதையே நொறுக்கிப் பொட்டலம் கட்டினால் செல்லம்.

ஏழாம் மாசம் முடியுமுன் வலி வந்தது.
கோயமுத்தூரில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
ஒன்று முந்நூறு கிராம்.
மேலே சூட்டு விளக்கு.
குஞ்சு இறங்கின முதல் வாரம்
நாங்களும் அப்படித்தான் பல்பு கட்டுவோம்.

நர்ஸ் ஜெசிந்தா வந்து கேட்டார்:
"ஃபீட் டைம் ஆச்சும்மா, பால் எடுத்தீங்களா?"
என் காதுக்குள் லாரி ஒன்று
பின்பக்கமாக வந்து நின்றது.

போனில் திருமூர்த்தி.
"ஃபீட் எத்தனை?"
"பத்து."
"பத்து மூட்டையா? நேத்தே முப்பது இருந்துச்சே."
"பத்து எம்.எல்."
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
பின்னால் கோழிச் சத்தம் மட்டும்.

பெட்டியின் ஓரத்திலும் ஒரு அட்டை.
தேதி. ஃபீட். எடை.
நாலாவது கட்டத்தைத் தேடினேன்.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
"என்னம்மா தேடறீங்க?"
"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்."

அந்த பேட்ச் ஒன்று அறுபத்தெட்டில் முடிந்தது.
பிடித்தம் போகக் கைக்கு வந்ததை
ஆஸ்பத்திரி பில்லின்மேல் வைத்து எண்ணினோம்.
எண்ணி முடித்தும் இவர் பேனாவை மூடவில்லை.
பில்லின் முதுகில்
குடித்த பால், ஏறிய கிராம்,
நடுவே ஒரு வகுத்தல் கோடு.
தாளைப் பிடுங்கிக் கசக்கிவிட்டேன்.
விடை என்ன வந்ததென்று
இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு சொல்லால் எல்லார் வாயையும் நிரப்புகிற
இங்கிலீஷ்மேல் எனக்குக் கோபம் இருந்தது.
போன வாரம் கட்டுத்தரையில் கயிறு அவிழ்ந்து
"கன்னுக்குட்டி ஊட்டிருச்சுங்க" என்று
இவரைக் கூப்பிட்டபோது
இடுப்பில் இவள் இருந்தாள்,
கையில் பருப்புச்சோற்றுக் கிண்ணம்.
நானும் ஊட்டிக்கொண்டுதான் இருந்தேன்.
அதற்குப்பிறகு கோபம்
முன்போல வருவதில்லை.

கொட்டகைப் பக்கம் நாட்டுக்கோழி கூடாது,
கம்பெனிச் சட்டம்.
யுவராஜுக்குத் தெரியாமல் ஒரு பெட்டை இருக்கிறது.

"பாப்பா சாப்ட்டாளா?" என்கிறார் இவர்.
"பாதி."
"மீதி?"
கீழே சிந்தியதை
அது கொத்திக்கொண்டிருக்கிறது.